கிளாப் அடித்துவிட்டு ஓடிய டைரக்டர்

கோடம்பாக்கத்தில் காலங்காலமாக உதவி இயக்குநராக மாரடித்த அருணகிரி, ஒருவழியாகத் தன் முதல் படத்தை எடுக்கச் சொந்த ஊரான திருவண்ணாமலைக்கு வந்தார். வருஷம் 1982. கம்பெனி இல்லை, ஸ்டார் இல்லை. பயம் மட்டும் தாராளமாக இருந்தது.

வந்து நாலைந்து நாளாகியும் ஒரு ஷாட்கூட எடுத்தபாடில்லை. வேங்கிக்கால் சாலையோரப் புளியமரத்தடியில் கேமராவை வைத்தால், "மலை மேல மேகம் வந்துடுச்சு, ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் மாறி கண்டினியூட்டி உதைக்கும்" என்பார். மேகம் விலகினால் ராகுகாலம் வந்துவிடும். ராகுகாலம் போனால் சாப்பாடு வந்துவிடும். சும்மா சொல்லக்கூடாது, சாக்குச் சொல்வதில் மனுஷருக்கு அபாரக் கற்பனை.

பழைய சிநேகிதனான கேமராமேன் மஸ்தான் கறாராகச் சொல்லிவிட்டான். "சாயங்காலத்துக்குள்ள ஒரு ஷாட்டாவது எடுடா. இல்லன்னா கேமராவ வேற படத்துக்குக் குடுத்துடுவேன். நீ பழைய டைரக்டர்கிட்டயே போய் குடை புடி."

அருணகிரிக்குத் தெரியும், திரும்பிப் போனால் ஆயுசுக்கும் உதவிதான்.

எடுக்க வேண்டியது, புருஷனுக்காகக் காத்திருப்பவள், அவன் இறங்காமலே பஸ் போனபின் நிற்கிற காட்சி. நாடக நடிகை திரௌபதி தயாராக நின்றாள். கேமரா ஓடியது. அருணகிரி கிளாப் பலகையை நீட்டி, காட்சி எண்ணைக் கூவி, டப்பென்று அடித்து, குனிந்தவாக்கில் ஒரே ஓட்டமாக மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அத்தனை வருஷப் பழக்கம். அங்கே மூச்சைப் பிடித்தபடி, டைரக்டர் 'ஆக்‌ஷன்' சொல்வாரென்று காத்திருந்தார்.

"ஃபிலிம் போவுதுடா," என்று மஸ்தான் கேமராவை நிறுத்தினான். "யாருக்காவ வெயிட் பண்ற? டைரக்டரே நீதான்டா."

திரௌபதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அருணகிரி அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அவமானத்தில் அழுகை முட்டியது.

அவர் மனைவி வள்ளி வந்து பக்கத்தில் குந்தினாள். "ஏங்க, கொட்டாய்ல எந்தப் படம் பாத்தாலும் முன் சீட்டுக்காரன் திரும்பி மொறைக்கிற அளவுக்குக் கொற சொல்வீங்களே. அந்த வாய் இப்ப எங்க போச்சு?"

"பயமா இருக்கு வள்ளி. நல்லா வரலன்னா கை காட்ட வேற ஆளில்ல."

"ஆமா, இல்லதான். கிளாப்பைக் குடுங்க, நான் அடிக்கிறேன்."

அவளே டேக் எண்ணை இரண்டாக மாற்றி, அடித்துவிட்டு விலகி ஓடினாள். அருணகிரி வெறுங்கையோடு கேமரா பக்கத்தில் நின்றார். "ஆக்‌ஷன்" என்றார். ஜலதோஷம் பிடித்தவர் குரல்தான், ஆனாலும் திரௌபதிக்குக் கேட்டுவிட்டது. பஸ் அப்போதுதான் போனதுபோல வெறும் சாலையைப் பார்த்தபடி நின்றாள். கண் நிறைந்தது.

"கட்."

"பிரமாதம்டா," என்றான் மஸ்தான். வள்ளி மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அருணகிரி மட்டும் முகத்தைச் சுளித்தார். "ஒன்மோர்."

"இன்னாடா கொற?"

"பஸ் போனப்புறம் முந்தானைய சரி பண்ணாங்க. அவன்தான் வரலியே, யாருக்காவ சரி பண்ணணும்? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்மா."

திரௌபதி இந்தமுறை சிரிக்கவில்லை. "ஆமாங்க," என்றாள் மெதுவாக.

மஸ்தான் வள்ளியிடம் திரும்பினான். "இத்தினி நாளா இவன் பயந்துனு இருந்தான். இனிமே நாமதாம்மா பயப்படணும்."

வள்ளி பலகையில் டேக் எண் இரண்டை அழித்து மூன்று என்று எழுதினாள்.