வீட்டுக்காரர் இல்லை

நாற்பது வயதுக்குள் ஜெயசுதன் பதினொரு வாடகை வீடுகளில் குடியிருந்துவிட்டான். ஒன்றில்கூடச் சுவரில் ஆணி அடித்ததில்லை.

கடற்கரை ஊரான வல்வெட்டித்துறையில் பிறந்தவன். ஐந்து வயதில் வள்ளம் ஏறி, திருச்சியில் ஏழு வீடுகள் மாறி வளர்ந்தான். அங்கே போய் இறங்கிய கையோடு பழகிய பாடம், ஆணி அடிக்கக் கூடாது என்பது. "வீட்டுக்காரர் பாத்தா என்ன நினைப்பார்?" என்று அம்மா கேட்பார். வீட்டுக்காரர் என்பவர் வெள்ளை வேட்டியோடு வந்து, நான்கு சுவர்களையும் கண்ணாலேயே தடவிப் பார்த்துவிட்டுப் போகும் பெரிய மனிதர். வாசலில் யாராவது அவரைக் கேட்டு வந்தால், "வீட்டுக்காரர் இல்லீங்க, நாங்க குடியிருக்கிறவங்க" என்று பணிவாகச் சொல்ல வேண்டும். ஆறு வயதிலேயே ஜெயசுதன் அதைப் பிழையில்லாமல் சொல்வான்.

பிறகு சென்னையில் இரண்டு வீடு, கொழும்பில் ஒன்று. தொழிலும் தோதாக அமைந்தது. லிப்ட் திருத்துவது. எந்த மாடியிலும் நிலையாக நில்லாத ஒரு பெட்டிக்கு அவன் இருபது வருடமாகச் சேவகம் செய்து வந்தான். யாழ்ப்பாணத்துக் கட்டடங்கள் அண்மையில்தான் இரண்டு மாடிக்கு மேல் நிமிரத் தொடங்கியிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கம்பனி அவனை எட்டு மாதத்துக்கு முன் நல்லூருக்கு அனுப்பியது. பதினோராவது வீடு, கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில். சொந்தக்காரர் சோமசேகரம் கனடாவில். "உங்கடை வீடு மாதிரி நினைச்சு இருங்கோ" என்று போனில் சொன்னார். ஜெயசுதன் காதில் விழுந்தது 'மாதிரி' மட்டும்தான். கலண்டரைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் சாய்த்து வைத்தான்.

ஆனால் வந்த மூன்றாம் நாள் ஒரு சங்கதி நடந்தது. மரக்கறி விற்கும் மனுசி, "தம்பி எவடம்?" என்று கேட்டார். திருச்சியில் இந்தக் கேள்விக்கு அவன் 'சிலோன் பையன்'. கொழும்பில், பேச்சைக் கேட்டவுடனேயே 'இந்தியாக்காரர்'. அவனுடைய தமிழ் பாக்கு நீரிணையின் நடுவில் எங்கோ இறங்கி நின்றுவிட்டது. 'வர்றேன்' என்று தொடங்கி 'வாறன்' என்று முடிப்பான். தயங்கித் தயங்கி, "வல்வெட்டித்துறை" என்றான்.

"அதுதானே பாத்தன், கத்தரிக்காயைக் கண்டு முகம் சுளிக்குது. மீன் தின்ற வாய்" என்று சொல்லி, ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா போட்டார் மனுசி. மேற்கொண்டு ஒரு கேள்வியும் இல்லை. ஜெயசுதன் பையைத் தூக்கிக்கொண்டு வரும்போதே முடிவு செய்துவிட்டான். இனி எங்கும் போவதில்லை.

மனைவி ஆரபிக்கு அப்படி ஒரு கறிவேப்பிலை கிடைக்கவில்லை. அவள் கொழும்பு வெள்ளவத்தையில், ஏழாம் மாடியில் பிறந்து வளர்ந்தவள். லண்டன் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. பின்னேரம் இரண்டு மணியிலிருந்து எட்டு மணிவரை காதில் ஹெட்போன் கொழுவியைப் போட்டுக்கொண்டு, வாசல் சத்தம் கேளாமல் பின் அறையில் இருப்பாள். சனி, ஞாயிறும் பாதி நாள் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை காலை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எட்டு மாசம். ஒரு சனம் எங்கடை கேற்றைத் தாண்டி உள்ளுக்கு வந்ததோ? வெள்ளவத்தையிலை கதவைத் திறந்தால் எதிர்வீட்டு அன்ரி கறிச் சட்டியோடை நிப்பா. இஞ்சை மதிலுக்கு மேலாலை ஒரு பூனை மட்டும்தான் எட்டிப் பாக்குது."

"நல்ல பூனை."

"பகிடி விடாதேங்கோ. எங்களை இந்த ஒழுங்கைக்குப் பிடிக்கேல்லை, அவ்வளவுதான். கொழும்புக் கந்தோர் திரும்பி வரச்சொல்லிக் கேட்டிருக்கெல்லே? திங்கள் இரவுக்குள்ளை பதில் சொல்லோணும். ஓம் எண்டு எழுதுங்கோ."

"எனக்கு இஞ்சை பிடிச்சிருக்கு, ஆரபி."

"உங்களுக்குக் கறிவேப்பிலை தந்தால் போதும். எனக்கு ஆக்கள் வேணும்."

கொழும்புக் கந்தோருக்கு அவன் சம்மதம் என்று போனில் எழுதினான். அனுப்பும் பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் நின்றபோது, போனே அடித்தது. நகரத்து ஹோட்டல் ஒன்று. மேல்மாடியில் கல்யாணம். லிப்டுக்குள் ஓர் அம்மா மாட்டிக்கொண்டு நிற்கிறாராம்.

அவன் போய் மொட்டைமாடி இயந்திர அறைக்கு ஏறினான். பெட்டி முதலாம், இரண்டாம் மாடிகளுக்கு நடுவில். பிரேக்கைக் கையால் தளர்த்தி, அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். அது முடியும்வரை உள்ளே இருப்பவரைக் கதைக்க வைக்க வேண்டும். இருபது வருட அனுபவத்தில் அவன் கண்டுபிடித்த ஒரே மருந்து, வீட்டைப் பற்றிக் கேட்பதுதான். வீட்டைப் பற்றிக் கதைக்கும்போது மனிதர்கள் பயப்பட மறந்துவிடுவார்கள்.

பெட்டிக்குள் இருக்கும் போனுக்கு எடுத்தான். "பயப்பிடாதேங்கோ அம்மா, காத்து நல்லா வரும். உங்கடை வீடு எவடத்திலை?"

"நான் இதுக்கை அந்தரிச்சுக்கொண்டு நிக்கிறன், நீர் கல்யாணத் தரகர் மாதிரி வீடு வாசல் விசாரிக்கிறீர்!"

"சும்மா சொல்லுங்கோ, நேரம் போகும்."

"நல்லூர். கோயிலுக்குப் பின்னாலை. சோமசேகரம் வீட்டுக்கு அடுத்த வீடு. குணலட்சுமி ரீச்சர் எண்டால் தெரியாத ஆக்கள் இல்லை."

பிரேக்கில் இருந்த கை அப்படியே நின்றது.

"என்ன தம்பி, பெட்டி நிண்டிட்டுது?"

"ஒண்டுமில்லை ரீச்சர். அந்தச் சோமசேகரம் வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம்?"

"ஆர் இருக்கினம்! ஒரு காவல்காரப் பெடியன் நிக்கிறான். பொங்கலுக்குப் பொங்கின புக்கை கொண்டுபோய், 'வீட்டுக்காரர், வீட்டுக்காரர்' எண்டு கூப்பிட்டன். சாரத்தோடை வந்து, வீட்டுக்காரர் இல்லை, கனடாவிலை எண்டான். மகளின்ரை புதுவீடு குடிபூரலுக்குச் சொல்லப் போனன். அப்பவும் வீட்டுக்காரர் இல்லை. கோயில் உபயகாரர் போனவை, முன்வீட்டுத் தனுஷிகா கல்யாணக் காட்டோடை போனவள். எல்லாருக்கும் அதே பல்லவிதான். மரியாதையான பெடியன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஆள் கொஞ்சம் மந்தம் போலை."

"மந்தமோ?"

"பின்னை? அதைவிடப் பாவம் உள்ளுக்கை இருக்கிற பிள்ளை. பின்னேரத்திலை தனிய இருந்து இங்கிலீசிலை கதைக்குது. திடீரெண்டு சிரிக்குது. சோமசேகரத்தின்ரை சொந்தமாம், ஆளைப் பாக்கத்தான் பெடியனை விட்டிருக்கினமாம் எண்டு ஒழுங்கையிலை கதை. நாங்களும் ஏன் சங்கடப்படுத்துவான் எண்டு இப்ப போறேல்லை."

பிரேக்கைப் பிடித்தபடியே ஜெயசுதன் எண்ணிப் பார்த்தான். எட்டு மாதம். புக்கை, குடிபூரல், கல்யாணக் காட். ஓர் ஊரே முறை வைத்து வந்து அவன் கேற்றைத் தட்டியிருக்கிறது. அவனோ ஆறு வயதில் பாடமாக்கியதை ஒப்புவித்து ஒவ்வொருவரையும் மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறான். யாழ்ப்பாணத்தை விட்டு ஆரபியைத் துரத்தியது நல்லூர் சனமில்லை. பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு கேற்றடியில் நின்ற ஓர் ஆள்.

பெட்டியை இறக்கி, படிகளில் ஓடிவந்து, திறப்பைப் போட்டுக் கதவை விலக்கினான். பட்டுச் சேலையும் கைப்பையுமாக நின்ற குணலட்சுமி ரீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உது... உது காவல்காரப் பெடியனெல்லே!"

"ஓம் ரீச்சர். இடைக்கிடை லிப்டும் பாக்கிறனான்." பகிடி விட்டுவிட்டுத் திறப்பைப் பைக்குள் போட்டான். "நான்தான் அங்கை வாடகைக்கு இருக்கிறன். உள்ளுக்கை இருக்கிறது என்ரை மனிசி. லண்டன் கம்பனியோடை கொம்பியூட்டரிலை கதைக்கிறவ. சுகமாத்தான் இருக்கிறா."

"சிவசிவா! அப்ப என்னத்துக்கு வீட்டுக்காரர் இல்லை எண்டனீர்?"

"வாடகைக்கு இருக்கிறவன் எப்பிடி ரீச்சர் வீட்டுக்காரர் ஆகலாம்?"

ரீச்சர் அவனைப் பார்த்த பார்வையில், நாற்பது வருடம் வாய்ப்பாடு படிப்பித்த பொறுமை முழுவதும் இருந்தது. "வீட்டுக்கை இருக்கிறவைதான் தம்பி வீட்டுக்காரர். காணி உறுதிப் பத்திரம் வைச்சிருக்கிறவர் சொந்தக்காரர். உறுதி பெட்டிக்கை கிடக்கும். அது எழும்பி வந்து கேற்றைத் திறக்குமோ? கூப்பிட்ட குரலுக்கு வந்தது நீர்தானே?"

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளை இரண்டு முறை நிறுத்தினான், எப்படிச் சொல்வது என்று யோசிக்க. இரண்டு முறையும் ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே சொன்னான். ஆரபி கொழுவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"புக்கை வந்ததோ?"

"வந்தது."

"திரும்பிப் போனதோ?"

"போனது."

"கல்யாணக் காட்?"

"அதுவும்தான். வடிவான காட். தங்க நிறத்திலை எழுத்து."

"எனக்கு விசர் எண்டு நினைச்சவையோ?"

"விசர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. பாவம் எண்டுதான் சொன்னவை."

தலையணை பறந்து வந்து அவன் மூஞ்சியில் விழுந்தது. அடுத்ததும் வரும் என்று குனிந்து நின்றான். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஆரபி சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகும் கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"அப்ப அவை வந்தவை, என்ன?" என்றாள் மெதுவாக. "எங்களைத் தேடி வந்தவை."

அவன் தலையணையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் செய்வதற்கு அவனுக்கு வேறு வேலை தெரியவில்லை.

ஞாயிறு காலை ஆரபி சேலை கட்டினாள். "நடவுங்கோ. ஒவ்வொரு வீடா. நீங்கள்தான் கூப்பிடோணும்." முதலில் ரீச்சர் வீடு. ஜெயசுதன் கேற்றடியில் நின்று தொண்டையைச் செருமினான். பிறந்த ஊரைவிட்டு முப்பத்தைந்து வருடம். அந்தச் சொல்லால் ஒரு நாளும் யாரையும் கூப்பிட்டதில்லை, விரட்டத்தான் பாவித்திருக்கிறான். "வீட்டுக்காரர்" என்றான். அது மந்திரம் ஓதியது போல உதட்டுக்குள்ளேயே நின்றது. இரண்டாம் தரம் உள்ளிருந்து நாய்தான் பதில் சொன்னது. மூன்றாம் தரம் அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"ஓம்! ஆர் அது?"

"காவல்காரப் பெடியன்!"

ஆரபி அவன் விலாவில் நுள்ளினாள். "அடுத்த வீட்டுக்காரர், ரீச்சர்!" என்று கொழும்புக் குரலில் கூவினாள்.

உள்ளே தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் வந்தன. ரீச்சர் அரை மணி நேரம் ஆரபியையே உற்றுப் பார்த்துவிட்டு, "பிள்ளை, லண்டனிலை இப்ப என்ன நேரம்?" என்று கேட்டார். ஆரபி தயங்காமல் சரியாகச் சொன்னாள். ரீச்சருக்கு நிம்மதி.

ஐந்து வீடுகள் முடித்துத் திரும்பும்போது, "அப்ப கொழும்புக்கு இல்லை எண்டு எழுதட்டோ?" என்று கேட்டான்.

"பொறுங்கோ. நாங்கள் போனால் ஆரும் தேத்தண்ணி தருவினம். அது மரியாதை. அவை இனித் திரும்பி எங்களிட்டை வருவினமோ எண்டு பாப்பம். நாளைக்குப் பொழுதுபடுமட்டும் பாப்பம்."

திங்கட்கிழமை ஜெயசுதன் வேளைக்கே வேலையை முடித்துக்கொண்டு வந்தான். ஆரபி பின் அறையில் லண்டனோடு. அவன் சாரத்தைக் கட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாயோடு கேற்றடிக்குப் போனான். நாலரையாயிற்று. ஐந்தாயிற்று. சைக்கிளில் ரியூசன் பிள்ளைகள் போனார்கள். செவ்வரத்தைச் செடிக்கு மூன்றாம் தரம் தண்ணீர் விட்டான். ஐந்தே முக்கால். வெளியே போய்ச் சுவரோரம் ஒளிந்து, குரலை மாற்றித் தானே "வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டால் என்ன என்றுகூட யோசித்தான். மதிலில் இருந்த பூனை அவனை அப்படிப் பார்த்தது. யோசனையைக் கைவிட்டான்.

ஆறு மணிக்குக் கோயில் மணி கேட்டது. அதற்குப் பிறகு, கேற்றின் கொளுக்கி ஆடும் சத்தம்.

"வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!"

குணலட்சுமி ரீச்சர். கையில் மூடிய கிண்ணம். ஜெயசுதன் கேற்றை நோக்கித் திரும்பி வாயைத் திறந்தான். திருச்சி முந்திக்கொண்டது.

"வீட்டுக்காரர் இல்—"

"ஓம்! ஓம்! இந்தா வாறன்!"

ஒரு காதை வாசலுக்கு விட்டுவைத்திருந்த ஆரபியின் குரல் பின் அறையிலிருந்து வந்தது. கொழுவியைக் கழற்றவுமில்லை, மைக்கை நிறுத்தவுமில்லை. லண்டனில் பதினொரு பேர் காதைப் பொத்திக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். விறாந்தையால் அவள் ஓடிவரும் காலடி கேட்டது. ஜெயசுதன் சாரத்து மடிப்பிலிருந்து போனை எடுத்து, எழுதி வைத்திருந்த சம்மதக் கடிதத்தை ஈரக் கையாலேயே அழித்தான். நாளைக்கு ஓர் ஆணி வாங்க வேண்டும். சுத்தியலும்தான், பதினொரு வீட்டிலும் அது இருந்ததில்லை.

கேற்றுக்கு அந்தப் பக்கம் ரீச்சர் கிண்ணத்தை மறு கைக்கு மாற்றினார். சாரமும் குழாயுமாக நின்றவனைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"வீட்டுக்காரர் நிக்கிறா போலை, தம்பி. நீர் கேற்றைத் திறவும்."

அவன் திறந்தான்.