தொட்டியைத் தள்ளும் கை

1.

இக்கதையை நான் கற்பனை செய்யவில்லை. என் தங்கை அடுப்படியில் நின்று சொன்னதை, அவளுடைய அனுமதியின்றி எடுத்துக்கொண்டேன். எழுத்தாளர்கள் இதற்கு உத்வேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதல் தொடக்கம்: பனித்துளி ததும்பும் செம்பருத்தியை அவர் காதலோடு நோக்கி—

(கைவிடப்பட்டது. அது பனித்துளி அன்று; தெளிப்பானில் அடித்த குழாய்த் தண்ணீர். காதலும் இல்லை, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார்.)

2.

முறையாகத் தொடங்குகிறேன். என் தங்கையின் கணவர், பல்செட் செய்யும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பூக்களை மிக அருகிலிருந்து படமெடுக்கிறார். சாப்பாட்டு மேசைமேல் செம்பருத்தித் தொட்டி. எதிரே ட்ரைபாடில் கேமரா. பூவை நெருங்க நெருங்க, படத்தில் துலக்கமாக விழும் பகுதி ஒரு தாளின் கனத்துக்குச் சுருங்கிவிடும். நடுத்தண்டின் நுனியிலுள்ள ஐந்து சிவப்புப் புள்ளிகளும் அதற்குள் அமர வேண்டும். கேமரா தானாக ஃபோகஸ் செய்ய அவர் விடுவதில்லை. எது முக்கியம் என்று அதற்குத் தெரியாதாம்.

அண்மைக்காலமாகப் புள்ளிகள் மங்கி, பின்னாலுள்ள இதழின் நரம்புகள் பளிச்சென்று விழுகின்றன. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வெள்ளை அட்டையால் பூவின்மேல் ஒளியைத் திருப்பும் தங்கை, எடுத்த படத்தைக் கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பாள். பிறகு, அட்டையைச் சரிசெய்யும் சாக்கில் தொட்டியை நூலளவு பின்னே தள்ளுவாள்.

"இன்னொண்ணு எடுங்க. காத்துல ஆடிடுச்சு."

(விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்திய அறை. வாசகர் இதைக் கவனிக்க வேண்டும், தங்கையின் கணவர் கவனிக்கவில்லை.)

அடுத்த படம் துல்லியமாக வரும். "பாத்தியா, கை இன்னும் தப்பல" என்பார்.

3.

வீட்டுக்குள் இருந்தவரை இதில் சிக்கலில்லை. புகைப்படச் சங்கத்தார் வரும் ஞாயிறன்று செய்முறை காட்ட அவரை அழைத்துவிட்டனர். மேடையில் அவர் மட்டுமே. எடுப்பது உடனுக்குடன் சுவரளவு திரையில் விழும். தங்கைக்கு முன்வரிசையில் இருக்கை ஒதுக்கி மரியாதை செய்திருக்கிறார்கள்.

"கண் டாக்டர்கிட்ட போகலாம்னா, லென்ஸை சர்வீசுக்கு அனுப்புறாரு, அக்கா" என்றாள் தங்கை.

முடிவு அ: அவள் உண்மையைச் சொல்கிறாள், அவர் குலுங்கி அழுகிறார். (அழமாட்டார். மாதக்கணக்கில் உம்மென்று இருப்பார்.)

முடிவு ஆ: அவருக்கு எல்லாம் முன்பே தெரியும்; அவள் கையைப் பற்றிக்கொள்கிறார். (இனிப்பு அதிகம். தெரிந்திருந்தால் லென்ஸ் ஏன் சர்வீசுக்குப் போகிறது?)

4.

கதாநாயகியின்மீதே எனக்கு ஐயம் எழுந்தது. தியாகத் திருவுருவாக அவளை எழுதிக்கொண்டே போகிறேன். ஆனால், என் தங்கை அப்படிப்பட்டவள் அல்லள். எதற்காகத் தள்ளினாய் என்று நேரடியாகவே கேட்டேன்.

"படம் சட்டுனு சரியா வந்து மேசை காலியானாத்தானே தட்டு வைக்க முடியும்? முதல்ல அதுக்குத்தான் தள்ளுனேன்." ஒரு தட்டைத் துடைத்து வைத்தாள். "அப்புறம் அவர் மூஞ்சியப் பாத்துட்டேன்."

இதற்குமேல் நான் சேர்க்கும் எந்தப் பெயரடையும் அத்துமீறல்.

5.

இக்கதை அச்சாகும் வார இதழ் சனிக்கிழமை வெளிவருகிறது. என் கதை எதையும் தங்கையின் கணவர் படிக்காமல் விடுவதில்லை. ஆனால், இப்போதெல்லாம் அச்சு சரியில்லை என்று குறைகூறித் தங்கையை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். எனவே முடிவு என் கையில் இல்லை.

தங்கையே, நிறுத்தற்குறிகளை விழுங்காமல் படித்துப் பதில் சொல். அவர் எதிரே அமர்ந்திருக்கிறார். இந்த வரியை நீ உரக்கப் படிக்கிறாயா, மனத்துக்குள் படிக்கிறாயா?