நிமிந்து பாருங்க டத்தின்

பிரிக்பீல்ட்ஸில் கிருபானந்தனின் கண் கிளினிக்குக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கிருபானந்தன்தான். சுவர் நிறையப் படங்கள். லண்டனில் பட்டத் தொப்பியோடு, கிள்ளானில் மாலையோடு, யாரோ ஓர் அமைச்சரின் தோளோடு. எல்லாவற்றிலும் நடுவில் அவர்.

"கண்ணு தெரியாம வர்றவங்களுக்கு எதுக்கு இத்தனை படம்?" என்று மனைவி கௌசலா ஒருமுறை கேட்டாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் பார்ப்பாங்க."

பார்க்கவும் செய்தார்கள். பெருமைக்குக் குறைவில்லாத மனிதர், ஆனால் கை தங்கம். விழித்திரையின் நடுவில் ஓட்டை விழுந்தவர்களுக்கு அவர்தான் கடைசிக் கதவு. கிழிந்த இடத்தைச் சரிசெய்துவிட்டுக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விடுவார். அதன் பிறகு நோயாளி ஒரு வாரம் தரையைப் பார்த்துக் குனிந்தே கிடக்கவேண்டும். குனிந்தால் குமிழி மேலேறி ஓட்டையை அழுத்தி மூடும். நிமிர்ந்தால் விலகிவிடும். சாப்பாடு, தூக்கம், தொழுகை, சண்டை எல்லாம் குனிந்தபடிதான்.

துணிக்கடை ஜெய்னுதீன் கெஞ்சிப் பார்த்தார். "மகளுக்கு நிக்காஹ், டாக்டர். ஒரு மணி நேரம் மட்டும் நிமிந்துக்கறேனே?"

"ஒரு நிமிஷம்கூட கிடையாது. மகளை அப்புறம் ஆயுசு முழுக்கப் பாருங்க."

ஜெய்னுதீன் குனிந்தபடியே நிக்காஹில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் ஷூ நல்ல ஷூ என்று மட்டும் அன்றைக்குத் தெரிந்துகொண்டார். கண் பிழைத்தது.

கௌசலாவுக்கு இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். வலது கண்ணை வைத்துத்தான் குடும்பம் நடந்தது. ஒவ்வொரு விழாவுக்கும் கிளம்புமுன் கிருபானந்தன் அவள் முன்னால் நேராக வந்து நிற்பார். அவள் உற்றுப் பார்த்து, மோவாய்க்குக் கீழே சவரம் விட்டுப்போனதையும் டை கோணியதையும் சொல்லித் திருத்தி அனுப்புவாள். ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டு, "உங்க மீசை ஏன் வளைஞ்சு தெரியுது?" என்றாள்.

மீசை நேராகத்தான் இருந்தது. அந்த வலது கண்ணின் நடுவில்தான் ஓட்டை.

சொந்த மனைவிக்கு நீங்களே ஆபரேஷன் செய்யாதீர்கள் என்று சக டாக்டர்கள் சொன்னார்கள். "என் பெண்டாட்டி இன்னொருத்தர்கிட்ட போனா, நான் போர்டைக் கழட்டிட வேண்டியதுதான்" என்றார் கிருபானந்தன். அவரே செய்தார். குறை சொல்ல முடியாத வேலை. கௌசலா குனிந்தாள்.

மூன்றாம் நாள் கிள்ளானில் பாராட்டு விழா. அவருக்கு டத்தோ பட்டமும், அவர் மனைவி என்பதால் கௌசலாவுக்கு டத்தின் என்ற பெயரும் கிடைத்ததற்காகச் சங்கம் எடுக்கும் விழா. ஒத்திப்போடலாமா என்று அவர் கேட்டதென்னவோ உண்மைதான், ஆனால் கேட்டவிதம் மறுப்பை எதிர்பார்க்கிற விதம். சங்கச் செயலாளர் திருச்செல்வம் ஏமாற்றவில்லை.

"பேனர் அடிச்சாச்சு, டத்தோ. தம்பதியா உக்காரணும். டத்தின் நாற்காலி காலியா கிடந்தா நல்லாவா இருக்கும்? அரை மணி நேரம்தான் லா!"

கௌசலா தரையைப் பார்த்தபடி கேட்டாள். "மேடையில குனிஞ்சே உக்காந்துக்கட்டுமா?"

"என்ன நினைப்பாங்க? டத்தோ பெண்டாட்டி தலைகுனிஞ்சு உக்காந்திருக்கான்னு பேச மாட்டாங்களா?"

"அப்போ நிமிந்துக்கவா? நீங்கதானே டாக்டர். நீங்க சொல்லுங்கோ."

கிருபானந்தன் டையைச் சரிசெய்துகொண்டார். "அரை மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது."

எந்த நோயாளியிடமும் அவர் சொல்லாத வார்த்தை அது.

காரில் கிள்ளான் வரைக்கும் அவள் மடியில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு போனாள். "எங்க வந்திருக்கோம்?" என்று நடுவில் ஒருமுறை கேட்டாள். "சுங்கை வே" என்றார். 

மேடை ஏறுமுன் அவள் கண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்த்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார். பேச வந்தவர்கள் எல்லாரும் 'இரண்டே வார்த்தை' என்று தொடங்கினார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிய முப்பாட்டனார் வந்தார், ரயில்வே குமாஸ்தாவாயிருந்த தாத்தா வந்தார், பேசியவரின் சொந்தக் கண்புரையும் வந்தது. 'இருண்ட கண்களுக்கு ஒளி தந்த வள்ளல்' என்று ஒருவர் சொல்ல, பின்னால் வந்த எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு படம்.

"நிமிந்து பாருங்க, டத்தின்! இங்க! இன்னும் கொஞ்சம் நிமிந்து!"

அவள் நிமிர்ந்தாள். அரை மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. விழா பாதியைக்கூடத் தாண்டவில்லை.

பொன்னாடைகள் ஜெய்னுதீன் கடையின் அன்பளிப்பு. அதனால் கடைசிப் பொன்னாடையைப் போர்த்தும் மரியாதை அவருக்குக் கிடைத்தது. மேடைக்கு வந்தவர் கௌசலாவின் காதருகே தாழ்ந்த குரலில், "குனிஞ்சுக்கங்கம்மா" என்றார்.

கிருபானந்தனுக்கும் அது கேட்டது.

கௌசலா கணவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கிருபானந்தன் கேமரா பக்கம் முகத்தைத் திருப்பினார்.

குமிழி கரைந்து முடிந்தபோது ஓட்டை மூடவில்லை. முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. இரண்டாம் ஆபரேஷனுக்கு அவரே அவளை வேறொரு டாக்டரிடம் அழைத்துப்போனார். ஊரில் யாரும் ஒன்றும் பேசவில்லை. போர்டு அதே இடத்தில்தான் தொங்கியது. இம்முறை அந்த டாக்டர் சொன்னதற்கு மேலேயே அவள் குனிந்து கிடந்தாள். அப்போதும் மூடவில்லை.

அவள் ஒருநாளும் அந்த விழாவைப் பற்றிப் பேசவில்லை. 'உங்களால்தான்' என்று ஒருதரம் சொல்லிவிட்டால் தேவலை என்று கிருபானந்தன் காத்திருந்தார். அவள் சோற்றில் கறியைத் துழாவி எடுத்துச் சாப்பிட்டாள். கிளினிக் சுவரில் புதுப் படத்துக்கு அடித்த ஆணி வெறும் ஆணியாகவே இருந்தது.

ஒரு மாலை அவர் பழைய வழக்கப்படி அவள் முன்னால் வந்து நின்றார்.

"எங்க நிக்கிறீங்க?"

"இங்கதான். உனக்கு நேரா."

"நேரா நிக்காதீங்கோ. ரெண்டு காது தெரியுது, முகம் இல்ல. நடுவுல நிக்கிறது எதுவும் எனக்குத் தெரியறதில்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

அவர் தள்ளி நின்றார்.

"இன்னும் கொஞ்சம்."

அலமாரி ஓரம் வரைக்கும் போனார். அவர் நின்றிருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு கௌசலா தலையை ஆட்டினாள்.

"ஆ, இப்ப ஏதோ மங்கலா தெரியுது. சவரமெல்லாம் தெரியாது, நீங்களே தடவிப் பாத்துக்குங்கோ. எங்க ஃபங்ஷன்?"

"ஒண்ணும் இல்ல" என்றார். "சும்மாதான் வந்து நின்னேன்."

"அப்போ நில்லுங்கோ" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

அவர் அலமாரி ஓரத்திலேயே நின்றார்.