நீக்கப்பட்ட முகம்

ஊரப்பாக்கத்தில் சிமெண்ட் கடை வைத்திருந்த தசரதன், நாற்பது வயதுக்கு மேல் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்ள வந்தவர். தாம்பரத்தைத் தாண்டி இருந்த பல் மருத்துவக் கல்லூரியில் ஓவியாவுக்கு அப்போது மேற்படிப்பின் கடைசி வருடம். கம்பி கட்டும் பெரியவர்களின் முகம் இடமும் வலமும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. முகத்தைச் சுற்றிலுமிருந்து ஒரே நொடியில் படம்பிடித்து, கணினியில் முழு உருவமாகத் திருப்பிப் பார்க்கவைக்கும் முப்பரிமாணக் கேமரா ஒன்று துறைக்கு வந்திருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தாலே தசரதனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"சிரிக்காதீங்கண்ணா, படம் வீணாயிடும்" என்று கெஞ்சுவாள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தாள். பழைய படத்தின்மேல் புதியதை வைத்தபோது நெற்றியும் மூக்கும் பொருந்தித் திரையில் பச்சையாகத் தெரிந்தன. தாடை மட்டும் பொருந்தாமல் சிவந்து நின்றது. முகவாய் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. இந்த வயதில் அப்படி நகரக் கூடாது.

"பல்லை இறுக்கிக் கடிச்சீங்களாண்ணா?"

"இல்லியே டாக்டரம்மா. ஆனா ஷேவ் பண்ணசொல்லோ பாக்கறேன், மூஞ்சி ஒரு பக்கமா போய்க்கினே கீது. கம்பி கட்னா அப்பிடித்தானா?"

"ஆமாண்ணா. பல்லு நகரும்போது அப்படித் தெரியும்."

இன்னொரு படம் எடுத்தாள். அதுவும் அப்படியே வந்தது. அவர் ஒருவரால் சராசரியே கெட்டது. ஆய்வைச் சமர்ப்பிக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சரியாக உட்காரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவரை ஆய்விலிருந்து நீக்கிவிட்டாள். ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் பத்ரிநாராயணனிடம் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

படிப்பு முடிந்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்தாள். மறு வருடம் தசரதன் வாய் கோணி வந்து நின்றார். "சோத்த மெல்லவே முடில."

வலது காதோரம், தாடை மூட்டில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்வதுதான். ஆனால் மூட்டின் தலையையே அரித்துப் பரவியிருந்தது.

"சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா மூட்டைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் பத்ரிநாராயணன். "இவரோட பழைய படம் எதாவது இருக்கா?"

ஓவியா கணினியைத் திறந்து காட்டினாள். பேராசிரியர் படத்தின் தேதியைப் பார்த்தார். "இதை ஏம்மா எங்கிட்ட காட்டலை?"



அறுவைச் சிகிச்சை முடிந்ததும் ஓவியா வார்டுக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் தசரதனிடம் சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. கட்டுப்போட்ட வாயைப் பாதி திறந்து அவர் மெதுவாகக் கேட்டார்:

"நான் சொன்னேனே டாக்டரம்மா... அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்கண்ணா."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அவர் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தார். வரவேற்பில் வேறு டாக்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நடைவழியில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அவர் தன்னைக் கடந்து போகும்வரை ஓவியா ஓரமாக நின்றிருப்பாள்.