வால் எது, மூக்கு எது

பழைய இரும்புக்கடைக் கொட்டகையில் மரக்கட்டைகள் மேல் குந்தியிருந்த அந்த விமானத்தைப் பார்த்தால், செய்தவன் பாதியில் சாப்பிட எழுந்துபோய், திரும்பி வந்து வேறு எதையோ செய்து முடித்துவிட்டான் என்றுதான் தோன்றும். சக்கரம் இல்லை, இருக்கை இல்லை, கண்ணாடி இல்லை. ஒரு முனையில் விசிறி. மறுமுனையில் ஒல்லியாக நீண்ட வால், அதன் நுனியில் குட்டியாக ஓர் இறக்கை.

"பேரைச் சொல்லுங்க, இப்பவே வண்டி அனுப்பறேன். பேர் தெரியாததுக்கு இங்க இடமில்ல," என்று அருங்காட்சியக அதிகாரி போனில் கறாராகச் சொல்லிவிட்டார். அதை வெட்டி எடைக்குப் போடக் கட்டர்காரன் வருகிற வரைக்கும்தான் பொறுப்பேன் என்றார் இரும்புக்கடைக்காரர். கட்டர்காரன் வந்தே விட்டான். கேஸ் குழாயை மாட்டிக்கொண்டிருந்தான்.

அருங்காட்சியகத்துக்குப் போன் செய்த திரைச்சீலைக் கடைக்காரி இன்னொரு தடவை விமானத்தைச் சுற்றி வந்தாள். அவளும் மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் கொழுந்தனும் பழைய விமானப் பைத்தியங்கள். கறுப்பு நிழலுருவம் அச்சிட்ட அட்டையைக் காட்டினால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பேர் சொல்வார்கள். இன்று அட்டைக்கட்டு முழுவதும் தரையில் பரப்பியாகிவிட்டது. ஒன்றும் ஒத்துவரவில்லை.

"விசிறி முன்னால. சரி. வால் நீளம். அதுவும் சரி. ஆனா இறக்கை ரெண்டும் முன்பக்கமா சாஞ்சிருக்கே அண்ணி! இப்படி ஒரு ஜாதியே கிடையாதே!"

"கத்தாதீங்க தம்பி. ஜாதி இல்லாமலா எதிர்ல நிக்குது?"

"ஏம்மா," என்றார் இரும்புக்கடைக்காரர், "பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி சுத்திச் சுத்தி வர்றீங்க. பிடிச்சிருக்கா இல்லையா, ஒரு வார்த்தையில சொல்லுங்க."

"இருங்கண்ணே. கடைக்கு வந்த ஆளை இப்படியா விரட்டுவாங்க?"

கட்டர்காரன் நெருப்பைப் பற்றவைத்தான். நீலச் சுடர் சீறியது. அவள் ஓடிப்போய் இறக்கையை மறித்துக்கொண்டு நின்றாள். துணி போர்த்திய இறக்கை அது. எந்த அவசரத்திலும் துணி என்றால் அவள் கை சும்மா இருக்காது, தடவிப் பார்த்தது. விசிறிப் பக்கத்து விளிம்பு கத்திபோல மெலிந்து, கீல் வைத்து ஆடியது. எதிர்ப்பக்கத்து விளிம்பு தலையணைபோல உருண்டு தடித்திருந்தது.

அவள் கை நின்றது. தடித்த விளிம்பல்லவா காற்றைக் கிழிக்கும்? அதுவல்லவா முன்னால் போகும்?

"தம்பி!" கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "நாம இவ்வளவு நேரமும் இதோட முதுகைப் பார்த்துப் பேசிக்கிட்டிருக்கோம்! விசிறி பின்னால! அது வால் இல்ல, மூக்கு!"

கொழுந்தன் வாயைப் பிளந்தான். விசிறி இருக்கிற பக்கமே முகம் என்று பழகிப்போன கண் இருவருக்கும். அவன் தரையில் விழுந்து அட்டைகளைத் துழாவினான். ஒன்றை எடுத்தான், தலைகீழாகத் திருப்பினான்.

"கொக்குமூக்கு! அண்ணி, கொக்குமூக்கு! செஞ்சதே ரெண்டுதான், ரெண்டும் போச்சுன்னுதானே அட்டையில போட்டிருக்கான்!"

"போகல. இதோ நிக்குது. போனைப் போடுங்க!"

அதிகாரி லேசில் நம்பவில்லை, அடையாளம் கேட்டார். அவள் மூச்சுவிடாமல் அடுக்கினாள்: குட்டி இறக்கை மூக்கின்மேல், பெரிய இறக்கை பின்னோக்கிச் சாய்வு, விசிறி பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி. மறுமுனையில் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. "யாரையும் தொட விடாதீங்கம்மா! நானே வர்றேன்!"

"அணைடா அதை!" என்று கட்டர்காரன்மேல் பாய்ந்தார் இரும்புக்கடைக்காரர், ஏதோ அவன்தான் இதற்கு நாள் குறித்தவன்போல.

அவள் அதற்குள் செருப்பை உதறிவிட்டு மேலே ஏறி, இருக்கை இல்லாத குழியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கொக்குமூக்கின் நுனியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"இறங்கும்மா, உடைஞ்சிடப்போகுது!"

"வண்டி வரட்டும்ண்ணே."

"அண்ணி, நானும் ஒரு தடவை..."

"தள்ளி நில்லுங்க தம்பி," என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல். "மூக்குக்கு நேரா நிக்காதீங்க. கிளம்பப்போறேன்."