சத்தி இல்லை

1954இல் இலங்கை மலையகத்தில் பெரகலைக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தாதியாக வந்தாள் யோகமலர். அங்கே பதினோரு வருஷமாக வேலை பார்த்த றோசாலிக்குப் படிப்புக் குறைவு. காயம் கழுவுவாள், கட்டுக் கட்டுவாள். முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெர்மாமீட்டர் பார்க்கக் கற்றுக்கொடுத்த யோகமலர், கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

“நான் வருத்தக்காரரோட கதைக்கேக்குள்ள நீர் குறுக்கால கதைக்கக் கூடாது.”

“சரிங்க மிஸ்ஸி.”

ஒரு மாதம் கழித்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அந்தோனிமுத்து காய்ச்சலோடு வந்தான். நூற்றியொன்று என்று றோசாலி சரியாகப் பார்த்துச் சொன்னாள்.

“சத்தி இருக்கோ?” என்று யோகமலர் அவனைக் கேட்டாள்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். “சத்தியே இல்லீங்க.”

‘சத்தி இல்லை’ என்று சீட்டில் எழுதி, காய்ச்சல் மருந்து கொடுத்து லயத்து வீட்டுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலையில் அவனைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது.

“நேத்து விடியக்காலையிலருந்து வாந்திங்க. தண்ணி குடிச்சாலும் நிக்கல,” என்றாள் அவன் மனைவி.

யோகமலர் சீட்டை எடுத்துப் பார்த்தாள். “நேற்றுக் கேட்டனான். இல்லை எண்டுதான் சொன்னவர்.”

றோசாலி தயங்கினாள். “மிஸ்ஸி, நீங்க கேட்டது வாந்தியவா?”

“வேறென்ன?”

“இங்க சத்தின்னா தெம்புங்க. ஒடம்புல தெம்பே இல்லன்னு அவரு சொன்னாரு.”

“அதை நேற்றே ஏன் சொல்லேல்லை?”

“நீங்க தெம்பத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன். எதுக்குக் கேக்குறீங்கன்னு புரியல. குறுக்க பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களே.”

யோகமலருக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. தோட்டத்து லொறியில் அவனைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டாள். அங்கே சேலைன் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை, பிழைத்துக்கொண்டான் என்று செய்தி வந்தது.

அன்று மாலை அந்த மாதத்துச் சீட்டுகளை எல்லாம் மேசைமேல் பரப்பினாள். பத்தொன்பது சீட்டுகளில் ‘சத்தி இல்லை’ என்று இருந்தது. அதில் யாருக்கு வாந்தி இல்லை, யாருக்குத் தெம்பு இல்லை? சிலருடைய முகம்கூட நினைவில்லை. அவர்களில் ஏழு பேரைப் பற்றித்தான் றோசாலியால் சொல்ல முடிந்தது.

“இனி நான் கதைக்கேக்குள்ள பிழையெண்டால் உடன மறியும்,” என்றாள் யோகமலர்.

திங்கட்கிழமை றோசாலி அவளை ஐந்து முறை மறித்தாள். அவற்றில் இரண்டு, யோகமலர் சரியாகவே கேட்டவை. மற்ற மூன்றும் எப்படித் தவறாயின என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்டால் றோசாலிக்கும் விளக்கத் தெரியவில்லை.

“அப்படிச் சொன்னா இங்க யாருக்கும் புரியாதுங்க மிஸ்ஸி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

வரிசையில் அடுத்து நின்ற கிழவர், இருவரில் யாரிடம் தன் நோவைச் சொல்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.