பத்துக் குஞ்சும் ஒரு தக்காளிப் பெட்டியும்

ஆலத்தூர் நாடு என்ற மலைக் கிராமத்துக்கு மாற்றலாகி வந்த கிளார்க் ஜோசப், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர். வாடகை வீட்டு வாசலில் வளர்த்த மூன்று கோழிகளும் ஒரு சேவலும்கூட அவரை மதிக்கவில்லை. அந்த நால்வர் நடுவில்தான் அக்டோபரில் பத்துக் குஞ்சுகளை வாங்கி விட்டார். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது பத்தையும் காட்ட வேண்டும் என்று திண்டுக்கல்லில் இருந்த ஏழு வயது மகள் ஜாஸ்மின் சத்தியம் வாங்கியிருந்தாள். மலையில் சிக்னல் மோசம். வீடியோவெல்லாம் நடக்காது, குரல் மட்டும் வரும். எத்தனை இருக்கிறது என்று தினமும் கேட்பாள். இவர் பத்து என்பார்.

சத்தியம் செய்வது பெரிய காரியமா? குஞ்சுத் தீவனத்தைப் பெரிய கோழிகள் காலி செய்தன. அவற்றின் முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகள் கொத்தின. அதில் சுண்ணாம்பு கூடுதல், குஞ்சுக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். ஜோசப்புக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, குஞ்சு மட்டும் நுழைகிற அளவுக்குப் பக்கத்தில் ஓட்டை அறுத்து, குஞ்சுத் தீவனத்தை உள்ளே வைத்தார். பத்தும் நுழைந்தன. சேவல் பெட்டிமேல் ஏறி நின்று கத்தியது. வாழ்நாளில் யாரையும் எதிர்க்காத ஜோசப் அதைப் பார்த்து "போடா" என்றார்.

பத்து நாளில் குஞ்சுகள் ஓட்டையில் சிக்கித் திணறின. சரியாக அறுக்கவில்லை என்று ரம்பத்தைத் திட்டிக்கொண்டே பெரிதாக்கினார். மறுபடி சிக்கின, மறுபடி அறுத்தார். டிசம்பரில் ஒரு காலை, பெரிய கோழியே ஒன்று உள்ளே உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. தலையில் கைவைத்து நின்றவரிடம் சென்னம்மாள் சொன்னாள்:

"ஏனுங்க சார், ரம்பத்தை எதுக்குங்க வையறீங்க? குஞ்சுங்க வளந்துருச்சுங்க."

தினமும் எண்ணிய மனிதர் அதைக் கவனிக்கவே இல்லை.

அம்மாவோடு பஸ்ஸில் வந்து இறங்கிய ஜாஸ்மின் நேரே பெட்டிக்கு ஓடிக் குனிந்து பார்த்தாள். நெட்டைக் கால்களோடு சுற்றிய பத்தையும் ஜோசப் பெருமையாகக் காட்டினார். ஒன்றுகூடச் சாகவில்லையே! ஆனால் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"இதெல்லாம் கோழி. நான் வர்றதுக்குள்ள எதுக்குப்பா வளர விட்டீங்க?"

ஆகஸ்டில் அவர் ஊருக்குப் போனபோது இவளுக்கு முன்பல் இரண்டும் இல்லை. இப்போது முளைத்திருந்தன. கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. ஜோசப் சிரித்துக்கொண்டே கவுனின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டார்.

"நீ மட்டும் என்ன, என்னைக் கேட்டுட்டா வளந்தே?"